பின்சீட்டு இல்லாத வண்டி

என் வீட்டுக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. பத்து தீகா ரேஸ் திடலில் கொடி இறங்கியதும் எல்லாரும் பறந்துவிட்டார்கள், நான் மட்டும் நின்றேன். நம் பழைய கப்சாய் குட்டி பைக்கில் கிளட்ச் பிடிக்கிற வேலையே கிடையாதே, அந்தப் பழக்கத்தில் சும்மா கியரை மிதித்தேன். என்ஜின் செத்துவிட்டது. "அங்கிள், பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்றான் ஒருவன்.

இந்தப் புது 125 ரேஸ் பைக்கைப் பார்த்தாலே குமட்டுகிறது. இதன் புகை சோற்றில்கூட நாறுகிறது. யாரோ போட்டுக் கழித்த ரேஸ் தோல்சட்டையில் அவன் வேர்வை இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும்விட அருவருப்பு அந்த ஒற்றைச் சீட்டு. கப்சாயை விற்று இதைக் கொண்டுவந்த அன்று, "நான் எங்க உட்கார்றது?" என்று கேட்டாய். "ரேசுக்குப் பொண்டாட்டி எதுக்கு லா?" என்று பல்லிளித்தேனே, அந்த வாயும் அருவருப்புதான்.

நீ கோபித்துக்கொண்டு ரவாங்கில் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, திட்ட ஆளில்லாமல் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

பட்டறையில் சொல்லிப் பின்சீட்டு வைத்துவிட்டேன். இனி ரேசில் சேர்க்கமாட்டார்கள், போகட்டும். ஞாயிறு காலை ரவாங் வருகிறேன், உன் அக்காவிடம் சொல்லிவை.

சீட்டு தாங்குமா என்று, உன்னில் பாதிகூட வராத ஓர் அரிசி மூட்டையைக் கட்டி, பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். சீட்டு நன்றாகத் தாங்கியது. மூட்டை கோயில் திருப்பத்தில் இறங்கிக்கொண்டதாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் கப்சாய்க்காரன்