அண்ணன் மேடையேறிய சனிக்கிழமை

1902 மே 13, செவ்வாய்

அண்ணன் தன் கடையில் கறி விலையை மறுபடியும் ஏற்றிவிட்டான். "மொத்த வியாபாரி கழுத்தை நெரிக்கிறான் நெகாமா, நான் என்ன செய்ய?" என்கிறான். பொய்யில்லை. ஆனால் தெருப் பெண்கள் சும்மா விடப்போவதில்லை. புருஷன் செத்தபின் என்னையும் மகள் ரைகலையும் கப்பலேற்றி வரவழைத்து, கடைக்குப் பின்னறையில் இடம் கொடுத்தவன் அவன். நியூயார்க்கில் எனக்கு வேறு நாதியில்லை.

மே 15

கறி வாங்கக்கூடாது என்று பெண்கள் கிளம்பிவிட்டார்கள். வாங்கியவர்களின் கூடையைப் பிடுங்கித் தெருவில் கொட்டுகிறார்கள். போலீஸ்காரன் தடியால் அடித்து எதிர்வீட்டு பெய்லாவுக்கு நெற்றியில் ரத்தம். அவள் சிரிக்கிறாள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அண்ணன் பார்த்திருப்பானோ?

மே 16, வெள்ளி

நாளை எங்கள் யூத ஜெபக்கூடங்களில் எல்லாம் பெண்கள் வேதச்சுருள் வாசிப்பை நிறுத்தப்போகிறார்கள். பழைய வழக்கம்தான். குறை உள்ளவர் எழுந்து நின்றால், அதைக் கேட்காமல் வாசிப்பு நகரக்கூடாது. ஆனால் அந்தந்தக் கூடத்து ஆள்தான் நிற்கவேண்டும். எங்கள் கூடத்துக்கு பெய்லா என்று பேச்சு. மத்தியானம் அவளைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "உன்னை விட்டா யாருடி?" என்றாள்.

நானா? நாளைக்குச் சுருளண்டை அழைக்கப்படுவது அண்ணன். அவனுக்குப் பிறந்திருக்கும் மகளுக்கு அங்கேதான் பெயர் வைக்கவேண்டும். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா - ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரமாகிவிட்டது, இனி எழுதக்கூடாது.

மே 18, ஞாயிறு

ஓய்வுநாள் முடிந்தும் நேற்று எழுத வரவில்லை.

மாடியில் பெண்கள் பக்கம் இருந்தேன். அண்ணன் புதுச் சால்வையோடு மேடையேறினான். சுருளைப் பிரித்தார்கள். எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை. "நிறுத்துங்க" என்றேன்.

"பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு?" என்றார் கீழே ஒருவர்.

"தட்டுல கறி இல்லன்னா மட்டும் பொம்பளைய கூப்பிடுறீங்களே" என்றேன். நானா சொன்னேன்? யாரோ சிரித்தார்கள். "இந்த விலைக்கு வாங்கமாட்டோம்னு நீங்களும் சொல்லுங்க. அதுவரைக்கும் வாசிக்கக்கூடாது."

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். "நெகாமா, இன்னிக்கா? என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள்லயா?" மெதுவாகத்தான் கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் உட்காரவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசிச் சரி என்றார்கள். அதற்குள் அண்ணன் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை.

மே 19

அண்ணி வந்து பின்னறைச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மே 27

பெய்லாவை விட்டுவிட்டார்கள். அவள் சமையலறையில் நானும் ரைகலும் படுக்கிறோம். யார் கதவைத் தட்டினாலும் போலீஸோ என்று எழுந்து உட்கார்கிறேன். அண்ணனாக இருக்குமோ என்றும்.

ஜூன் 10

விலை இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோமாம். "வேற கடைக்குப் போடி" என்றாள் பெய்லா. கேட்காமல் அண்ணன் கடைக்கே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா, எவ்வளவு வேணும்?" என்றான் அண்ணன்.

"ஒரு பவுண்டு" என்றேன்.

நல்ல கறியாகத்தான் வெட்டினான். பொட்டலம் கட்டி மேசைமேல் வைத்தான். "அடுத்தது யாரு?" என்றான்.