துடைக்காத மெஷின்

இல்லை அக்கா, மாற்றவில்லை. உப்பு மூட்டையின் வாயைத் தைக்கும் அதே கரண்ட் கை மெஷின்தான். சோதனையில் தேறிய பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் அதன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ செத்த மறு வாரமே தைக்கத் தொடங்கிவிட்டது.

இன்று காலை சூப்பர்வைசர் என்னிடம் மெஷின் துடைக்கும் துணியை நீட்டினார். மண்ணெண்ணெய் வாசனை. உடனே உன் நினைவு.

கரண்ட் சாமான்களைச் சோதிக்க ஆள் வரும் நாளில் எப்போதும் இப்படித்தான். உப்பைச் சுரண்டி, துடைத்து, பாத்தி வரப்பு வெயிலில் மெஷின்களைக் காய வைப்போம். "பொண்ணு பாக்க வர்றாங்கடி. நல்லா பவுடர் போட்டு உக்கார வை" என்பாய். ஷாக் அடிக்காமலிருக்க பிடியில் நீ சுற்றியிருந்த சைக்கிள் டியூபை அவிழ்க்கச் சொல்வார்கள். பார்க்க அசிங்கமாம். மறுநாள் திரும்பச் சுற்றிக்கொள்வாய். கடைசித் தடவை அதைக் குப்பையில் எறிந்துவிட்டார்கள்.

சோதிக்க வருபவர் ஆபீஸ் அறையில், ஷூ போட்ட காலோடு, காய்ந்த மேசைமேல் வைத்துச் சோதிப்பார். சோதனைப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்.

நாம் ஈர உப்பின்மேல், வெறுங்காலோடு. உப்பு லட்சுமி, செருப்போடு ஏறக்கூடாது, முதலாளியின் உத்தரவு.

"நம்மளத் தினமும் கடிக்குது. அவரக் கடிக்க மாட்டேங்குது பாரு. ஆளு தெரிஞ்ச நாய்டி இது" என்பாய்.

அந்த மழை நாளில் அது கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது.

விசாரணையில் எழுதினார்கள்: மெஷின் சரி. தொழிலாளி செருப்பு அணியவில்லை.

உன் செருப்பு வாசலில்தான் கிடந்தது, அக்கா. நனைந்துகொண்டு.

எம்.ஏ. முடித்துவிட்டு மூட்டை தைக்க வந்தவள் நான். "படிச்ச புள்ள, நீயாவது கேளேன்டி" என்று சீண்டுவாய். மெஷின் கடிப்பதைப் பற்றிக் கேட்டேன். "பச்சை ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியலியா?" என்றார் சூப்பர்வைசர்.

இன்று துணியை வாங்கி மடித்து வைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, உப்பும் ஈரமுமாக மெஷினை அப்படியே ஆபீசுக்குத் தூக்கிப்போனேன்.

"என்னம்மா இது, தொடைக்கலியா?" சோதிப்பவர்.

"இப்படித்தான் சார் தைக்கிறோம்."

சிவப்பு எரிந்தது.

"காய வச்சு எடுத்துட்டு வாம்மா, மறுபடி பாத்துடலாம்" என்றார் சூப்பர்வைசர்.

நூல் வெட்டும் கத்தரி இடுப்பில் இருந்தது. பெட்டியிலிருந்து உருவி, பிளக்கை வயரோடு வெட்டினேன். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.