லாமார் சொன்ன சாட்சி

அன்புள்ள எல்டனுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

இந்த நகரத்து ஓட்டல் அறையில் கண்ணை மூடினால் நம் ஊற்று சலசலக்கிறது. பசுக்கள் கம்பளத்தின் மேல் மெதுவாக நடந்து ஜன்னலோரம் போய்த் தண்ணீர் குடிக்கின்றன. நான் காலை மடக்கி வழிவிடுகிறேன்.

அரசாங்கப் பாலைநிலத்தின் குறுக்கே குழாய் போட்டு நம் பள்ளத்தாக்குத் தண்ணீரை இங்கே கொண்டுவரக் கூடாது என்று நாம் போட்ட வழக்கில், நேற்று நகர நிர்வாகத்தார் பக்கத்துச் சாட்சியாக நம் அடுத்த பண்ணை லாமார் வந்தான். அவர்களுக்குத் தன் கிணற்றை விற்ற நாளிலிருந்து நான் முகம் பார்க்காதவன். நம் வக்கீல் கேட்டார்: "நீங்க வித்த கிணத்துல அவங்க சோதனைக்குத் தண்ணி இறைச்சப்போ ஊத்து எப்படி இருந்துச்சு?"

தொப்பியை உருட்டிக்கொண்டே சொன்னான்: "வத்திப்போச்சுங்க. வெல்டாம்மாவோட கன்னு சேத்துல மாட்டிக்கிச்சு, நான்தான் இழுத்துவிட்டேன்."

வெள்ளை நெற்றிக் கன்று. நீங்கள் இழுத்ததாகத்தானே என்னிடம் சொன்னீர்கள்? அதை வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்கிறேன்.

தீர்ப்பு வரும்வரை குழாய் வேலையை நீதிபதி நிறுத்திவிட்டார். என் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

தபால்காரர் வந்துவிட்டார். லாமாரின் மாடுகள் நம் தொட்டிக்கு வந்தால் குடிக்க விடுங்கள். நான் சொன்னதாக மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
வெல்டா