புது பிரவுசரில் போன எழுத்து

1998, சனிக்கிழமை இரவு.

மகன் குமார் கம்ப்யூட்டரில் பழைய பிரவுசரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். இதுதான் வேகம் என்றான். வழக்கம்போல் தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தேன். எல்லாம் கொக்கியும் புள்ளியுமாகத் தெரிந்தது. எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் இந்த ஆண்டுதான் தமிழ் படிக்கக் கற்றேன். அதற்குள் மறந்துவிட்டேனா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா இது, கோழி கிளறின மாதிரி? எனக்கே படிக்க வரலை லா!"

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்டவில்லை.

"பழசுல தமிழ் எழுத்தைத் தனியா சேர்த்து வச்சிருந்தேன்பா. இதுக்கும் சேர்க்கணும். நாளைக்குப் போடறேன்" என்றான் குமார்.

நாளை வரை பொறுக்க முடியவில்லை. எல்லா எழுத்தும் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இதை நோட்டில் எழுதுகிறேன். இருக்கிறது.