மூடித் தைத்த இருக்கை

ஜூன் 12, வியாழன்

மகள் தணிகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் தூங்கியவளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வயதுக் குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நம்பலாம் இல்லையா? எம்.எஸ்சி. படித்தவள் நான். படிப்புக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்.

என் கணவர் இன்றும் தன் சீட் கவர் கடையிலிருந்து தாமதம். விரலெல்லாம் ரெக்சின் வாசனை. மற்ற வண்டிகளை ஓரம் கட்டிவிட்டுத் தங்கையின் காருக்குச் சீட் கவர் தைத்துக்கொண்டிருக்கிறார். அனிதாவும் அவள் கணவர் ஹேமநாதனும் வாங்கியிருக்கும் முதல் கார். பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் போன். "அண்ணி, உங்க வூட்டுக்காரர் மேல ஒரு கண்ணு வெச்சிக்கோங்க. காசு குடுக்காத கஸ்டமர்னு நூல மிச்சம் புடிச்சிடப் போறாரு." அவர் போனைப் பிடுங்கினார். "அடியே, ஒரு சுருக்கம் இருந்தா கடையவே மூடிடறேன்டி."

அரக்குச் சிவப்பு, ஓரத்தில் சந்தன நிறப் பைப்பிங். அனிதா பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தது.

ஜூன் 22, ஞாயிறு

மலைமேல் கோயிலில் வண்டிக்குப் பூஜை. சக்கரங்களுக்கு எலுமிச்சை, கண்ணாடியில் சந்தனம். கவர் சீட்டோடு பிறந்த தோல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அனிதா பின்சீட்டில் ஏறி, காலை நீட்டி, "இது என் எடம், யாரும் வராதீங்க" என்றாள்.

தணிகா பெல்ட்டை இழுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு "மாலை, மாலை" என்று குதித்தாள். சொருகிவிடலாம் என்று பெல்ட் மாட்டும் பூட்டை நான் தேடினேன். கிடைக்கவில்லை.

"இதோட வாய் எங்க?"

"கவருக்கு அடியில போயிடுச்சு. துருத்திகினு இருந்தா குத்தும், பாக்கவும் அசிங்கம். பின்னாடி யாரு போடறாங்க சௌமியா? கஸ்டமரே அத அமுக்கி வுட்டுடுங்கன்றாங்க."

தணிகா கையை விட்டதும் பெல்ட் சரக்கென்று உள்ளே ஓடியது. எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை 6, ஞாயிறு

அனிதா இல்லை.

ஜூலை 9, புதன்

எழுதினால் தலைக்குள் சுற்றுவது நிற்குமோ என்று எழுதுகிறேன்.

புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஹேமநாதன் ஓட்ட, பக்கத்தில் அவர் அப்பா துரைக்கண்ணு, பின்னால் அனிதா மட்டும். நகரி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. ஹேமநாதன் ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி சாலையை விட்டு இறங்கி மூன்று முறை புரண்டதாம். முன்னால் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள், போடாவிட்டால் வண்டி கத்திக்கொண்டே இருக்கும் என்பதால். வண்டி கவிழ்ந்து நின்றபோது இருவரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பெல்ட்டை அறுத்து இறக்கினார்கள். ஹேமநாதனுக்கு மணிக்கட்டு முறிவு. அவர் அப்பாவுக்குத் தோள் எலும்பு, மார்பில் குறுக்கே ஒரு கறுத்த பட்டை.

அனிதா சாலையோரக் கடலைக் கொல்லையில் கிடந்தாள். பின் கண்ணாடி வழியாக... கடைசிப் புரளலில் வண்டி எங்கே விழுந்தது என்று என்னிடம் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. தெரியும்.

இன்று துக்கம் கேட்க வந்த ஒருவர் சொன்னார். "பெல்ட் போட்டா அதுலயே மாட்டிகினு சாவணும். வெளிய தூக்கிப் போட்டாத்தான் உசுரு தப்பும். இந்தப் பொண்ணுக்குத்தான் குடுத்து வெக்கல."

துரைக்கண்ணு மாமா கழுத்தில் தூக்கிக் கட்டிய கையோடு நிமிர்ந்தார். "கட்டிகினு இருந்த நான் இங்க உக்காந்துகினு கீறேன்யா. வெளிய வுழுந்த என் மருமவ எங்க? நீ சொல்லு."

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 14, திங்கள்

கடை திறக்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போவதில்லை.

சாயங்காலம் அவருடைய சிநேகிதர் பாசித் அண்ணன் அவரைத் தன் டாக்ஸியில் கொண்டுவந்து விட்டார். அவர் உள்ளே போன பிறகு என்னிடம் மெதுவாக, "ஸ்டேஷனாண்ட, பிளாட்பாரத்துக் கடைசில தனியா நின்னுகினு இருந்தான் அண்ணி. டீ சாப்புடலாம் வாடான்னு இட்டாந்தேன். கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

பாத்துக்கணும்னா எப்படி? பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்கிறேன். அவர் மாடிக்குப் போனால் துணி எடுக்கிற சாக்கில் நானும் போகிறேன். தங்கை போன துக்கம் மட்டும் இல்லை இது. வேறு என்னவோ.

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டார்.

அனிதாவின் கைப்பையை எடுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பின்னால் நிற்கும் வண்டிக்குப் போயிருக்கிறார். கூரை நசுங்கி, கண்ணாடி ஒன்றுகூட இல்லாமல் நின்றதாம். பின்சீட் மட்டும் அப்படியே. ஒரு சுருக்கம் இல்லை. கவருக்குள் கையை விட்டிருக்கிறார். பெல்ட்டின் வாய்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டின.

"எல்லாமே இருக்குது சௌமியா. புதுசு கலையாம இருக்குது. நான்தான் மூடித் தெச்சிட்டேன்."

பின்னாடி யாருங்க போடறாங்க, எல்லா வண்டியிலயும்தான் இப்படி... என்று ஆரம்பித்தேன். பூஜை அன்று அவர் சொன்ன அதே வார்த்தை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

என் மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "ஆனந்தா, நீ தெச்ச சீட்டுலதானே அவ கடைசியா உக்காந்தா. அத கழட்டிகினு வாடா. வேற ஒண்ணும் வாணாம், அத நான் வெச்சிக்கிறேன்."

"ஆங்மா" என்றார்.

கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தார். மாமியார் என்னைப் பார்த்தார்கள். நான் பித்தம் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பொதட்டூர்பேட்டை போய் வந்தோம். ஹேமநாதனிடம் சொல்லத்தான். பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. ஹேமநாதன் அடித்தால்? அடித்தால் பரவாயில்லை. இனி வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் தாங்குவாரா?

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல், கவருக்கு அடியில் இருந்தது, நான்தான் மூடினேன் என்று.

ஹேமநாதன் மாவுக்கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ தேடினா மச்சான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக: "புத்தூர்லயே கேட்டா. இன்னாங்க, இதுக்கு வாயே காணோமேன்னு கைய வுட்டுத் துழாவிகினு இருந்தா. நான் கண்ணாடில பாத்துட்டு, மகாராணி மாதிரி சாஞ்சி உக்காருடி, பின்னாடி இன்னாத்துக்கு அதுன்னேன். சிரிச்சிட்டு வுட்டுட்டா. எங்கப்பா அப்ப வண்டில ஏறல, அவர்கிட்ட கூட இத நான் சொல்லல."

உன் தப்பில்லை என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். ஹேமநாதன் எழுந்து, "சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். அவரே ஒரு கையால் சோறு போட்டார். இவர் சாப்பிட்டார்.

திரும்பும்போது பள்ளிப்பட்டு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வாய் திறந்து, குழந்தை மாதிரி. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அந்தச் சந்தன நிறப் பைப்பிங் ஓரத்தில் அவள் விரல்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் கடையைத் திறந்தார். முதல் வேலை பாசித் அண்ணன் வண்டி. முன்பு இவரே தைத்த கவர். பிளேடால் கீறி, பெல்ட் வாய்களை வெளியே இழுத்து, கீறல் ஓரத்தை மடித்துத் தைத்தார். தணிகாவோடு அங்கேதான் நின்றேன்.

"இன்னாபா இது, நல்ல கவருல ஓட்ட போடற? வரிசையா தொங்குது. சவாரிக்காரன் சிரிக்கப் போறான்."

"சிரிக்கட்டும். கட்டிகினு சிரிக்கட்டும்."

பழைய வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் போன் செய்கிறார். சிலர் வருகிறார்கள். அரக்கோணத்துக்காரர் ஒருவர், ஆயிரக்கணக்குல குடுத்துத் தெச்சத கிழிக்கச் சொல்றியா என்று போனை வைத்துவிட்டாராம். இவர் மறுபடி போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 11, வியாழன்

அத்தை ஏன் போனே பண்ணல என்று தணிகா கேட்டாள். பால் பொங்குதுடி என்று அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று மாமியாரிடம் அந்தக் கவரைக் கொடுத்தார். துவைத்து, மடித்து. கொடுப்பதற்கு முன் அதிலும் கீறித் தைத்திருந்தார், சந்தன நிற நூலால். எதுக்குங்க இதுக்கு என்று கேட்டேன். "அப்படியே குடுக்க கை வரல."

மாமியார் மடியில் விரித்துத் தடவிக்கொண்டே வந்தார்கள். கை அந்த இடத்தில் நின்றது. ஒரு விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள்.

"இன்னாடா இது? ஓட்ட?"

"பெல்ட்டோட வாய் வெளிய வர்றதுக்கும்மா."

"முன்னாடியே இருந்துச்சா?"

பித்தம் என்று நான் சொன்ன பொய் மாதிரி ஒன்றை இவரும் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

"இல்லம்மா. இப்பதான் போட்டேன்."

மாமியார் கவரை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. ராத்திரியும்.

அக்டோபர் 6, திங்கள்

மாமியார் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் மகன் தட்டில் இட்லியை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் தலை குனிந்தே தின்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம், தணிகா என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

ஹேமநாதனைப் பார்த்துவர எல்லோரும் பொதட்டூர்பேட்டை போனோம், பாசித் அண்ணன் வண்டியில். சம்பவத்துக்குப் பிறகு மாமியார் காரில் ஏறுவது இதுதான் முதல் முறை. கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்கள். நான் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை, தானாக ஏறினார்கள்.

தணிகாவைக் குழந்தை சீட்டில் வைத்து இழுத்து இழுத்துச் சரிபார்த்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் நான். பாசித் அண்ணன் திரும்பி, "பெரியம்மா, பின்னாடி போலீசெல்லாம் கேக்க மாட்டான், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வுட்டுடுங்க" என்றார்.

மாமியார் ஏற்கெனவே பெல்ட்டை மார்பு வரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். கண் முன்சீட்டில், மகனின் பின்னந்தலையில்.

"ஆனந்தா, அதோட வாய் எங்கடா?"

அவர் திரும்பினார். முன்சீட்டிலிருந்து கையை நீட்டி, தான் தைத்த ஓட்டைக்குள்ளிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். மாமியார் சொருகினார்கள். டக்கென்றது. கையை உடனே எடுக்கவில்லை, அவர் கை மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள்.

பிறகு என் பெல்ட்டையும் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "போலாம்பா" என்றார்கள்.