விளிம்பில் அறுந்த பியோனி

லோயாங்,
பியோனி மொட்டு விடும் நாட்கள்

அன்பு மகள் யுன்ஹேவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தே தொடங்குகிறேன். மெல்பர்னில் குளிர் ஆரம்பித்திருக்கும், காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் இதைச் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாய் என்று தெரிந்தும். நம் வீட்டில் முதலில் காலேஜ் படித்தவள் நான் என்று பேர்தான், வாயால் பேசுவதைவிட எழுதுவதுதான் எனக்கு வரும்.

உன் கல்யாணத்துக்கு அவர் வரைந்த பியோனிப் படத்தில் வலது பக்கத்துப் பெரிய பூ பாதி இதழோடு தாளின் விளிம்பில் அறுந்து நின்றது. உன் மாமியார் விரித்துப் பார்த்துவிட்டு, பியோனின்னா செல்வமாச்சே, அதைப் பாதியில அறுத்துக் குடுத்திருக்காரே சம்பந்தி, மனசுல இருக்கறது கையில வந்துடுச்சு போல என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இந்தச் சம்பந்தம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால் வேண்டுமென்றே செய்தார் என்று நீயும் நம்பினாய். அவரோ தாளையே வெறித்துக்கொண்டு நின்றார்.

இந்தக் குளிர்காலம் முழுக்க வலது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார், மேஜையில் வலது பக்கம் வைத்த ஊறுகாயைத் தொடுவதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணில் அழுத்தமாம், வலது ஓரத்திலிருந்து பார்வை வருஷக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். போனது திரும்பாது, மிச்சம் எத்தனை நாளைக்கோ என்றார் டாக்டர். பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் அப்பா ஒன்றுதான் கேட்டார், அப்ப அந்தப் படத்துல தாள் இன்னும் மிச்சம் இருக்குன்னுதானே நான் நெனச்சிருக்கேன், இல்லியா?

அன்றிலிருந்து உனக்காக அதையே திரும்ப வரைகிறார். பியோனித் திருவிழாவுக்கு வரும் காசு சேகரிப்பாளர்கள் தேடி அலைவார்களே, பியோனி பொறித்த பழைய ஒரு யுவான் காசு, அதைச் சின்ன வயதில் உன் உள்ளங்கையில் வைத்து, பாரு, பூ எங்கயும் விளிம்பைத் தொடல, அதான் முழுச் செல்வம் என்று சொல்வாரே, அந்தக் காசுகளை எல்லாம் ஆல்பத்திலிருந்து எடுத்துத் தாளின் வலது ஓரம் நெடுக அடுக்கியிருக்கிறார். தூரிகை போவதற்கு முன் இடது கை போய்க் காசைத் தடவிப் பார்க்கிறது. பக்கத்து வீட்டு ஷுவாங்மேய், என்ன மாமா, பூவுக்குப் போலீஸ் காவல் போட்டிருக்கீங்களா என்று சிரித்தாள். ஆமாம்மா, போன தடவ தப்பிச்சுப் போயிடுச்சு என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

படம் முடிந்துவிட்டது. ஒரு இதழும் அறுபடவில்லை. ஆனால் சிவப்பு பல இடத்தில் கோட்டைத் தாண்டிக் கிடக்கிறது, விற்கிற படமாக இருந்தால் அவரே கிழித்திருப்பார். நீ வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இதை எழுதுவதும் அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் பூ உதிர்வதற்குள் லீவு கிடைக்குமா என்று பார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வந்தால் அவருக்கு இடது பக்கமாக வந்து நில். வலது பக்கம் நின்றால் நீ வராத மாதிரியே இருக்கும் அவருக்கு.

உன் அம்மா,
ஷியுஜுவான்