வெற்றிலையில் மருந்து இல்லை, அக்கா

என் பேச்சியக்காவுக்கு,

நான் வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே, "நீங்க நாங்கன்னு பேசாதடி செல்லம்மா, எங்கிட்டோ தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தோம். ஆரப்பாளையத்தில் பாதிப் பேர் நம்மை உடன்பிறந்தவர்கள் என்றே நினைத்தார்கள். அந்த உரிமையில்தான் இப்போதும் 'நீ' என்று எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது. அதற்கும் 'நீ'தான் வசதி.

முதலில் சேதி. உன் வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து திரும்பிவிட்டார். நாக்கின் ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு புண். புற்று என்று டாக்டரம்மா சொன்ன மறுநாளே ரயில் ஏறினார். அங்கே ரேடியம் ஊசிகளை நாக்கில் செருகி, சில நாள் அப்படியே வைத்திருந்து எடுத்தார்களாம். இப்போது ஆறிவிட்டது. பிழைத்தாரே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் கூடத்தில் உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது அக்கா.

அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? புகையிலை ஒதுக்கும் இடது கன்னத்தில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு, பிறகு ஆறாத புண். "இங்கன பாருடி, ரசம் பட்டாக்கூட எரியுது" என்று கிணற்றடியில் என்னிடம்தான் காட்டினாய். நான் நச்சரித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டரம்மா கன்னத்தை அழுத்திப் பார்த்து, தாடைக்குக் கீழே தடவிவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்.

"இது புத்துநோய்ம்மா. வெறும் எரிச்சல்தானேன்னு விட்டா உள்ளயே பரவும். கழுத்துல இன்னும் நெறி கட்டல. இப்பவே வெட்டி எடுத்தா பிழைக்கலாம். இல்லேன்னா பட்டணத்துல ரேடியம் வைப்பாங்க. ரெண்டையும் தள்ளிப் போட்டா, எக்ஸ்ரே கதிர் காட்டி அடக்கப் பார்க்கலாம், அம்புட்டுத்தான். அதுக்கும் அடங்கலேன்னா வலிக்கு ஊசி போடுறதுதான் மிச்சம். புகையிலைய இன்னைக்கே விட்டுருங்க."

வீட்டுக்கு வந்ததும் உன் வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். "பொம்பள மூஞ்சியில கத்திய வச்சா, நாளைக்கு நாலு பேரு முன்னாடி எப்படி நிப்பா? யாரோ மருந்து வச்சிருக்காங்க. அத எடுத்தாச் சரியாப் போகும்" என்றார்.

சோற்றிலோ வெற்றிலையிலோ வேண்டாதவர்கள் வைத்துக் கொடுக்கிற அந்த மருந்தை எடுக்க விளாங்குடிப் பக்கம் ஒருவர் இருந்தார். வண்டி கட்டிப் போனோம். உன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, இலையில் துப்பிக் காட்டினார். ஒரு மயிர்ச் சுருள், ஒரு வெற்றிலைக் காம்பு.

"வீட்டுல வெத்தல மடிச்சுக் குடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ தரையைப் பார்த்தாய்.

மறுநாளிலிருந்து உன் வெற்றிலையை நீயே மடித்துக்கொண்டாய். புகையிலையை மட்டும் விடவில்லை. அதை வழக்கம்போல உன் வீட்டுக்காரரே வாங்கி வந்து போட்டார். மருந்து எடுத்தாயிற்று, இனி ஆறிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "வச்சவளே வைத்தியமும் சொல்றா" என்பார் உன் வீட்டுக்காரர். என் புருஷனும் அண்ணனுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

கழுத்தில் நெறி கட்டி, கன்னம் துளைபட்ட பிறகுதான் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். கத்திக்கும் ரேடியத்துக்கும் காலம் கடந்துவிட்டதால் எக்ஸ்ரே கதிர் மட்டும் காட்டினார்கள். தோல் கருகியதுதான் மிச்சம். கடைசியில் டாக்டரம்மா சொன்ன அந்த ஊசிதான், நீ கண்ணை மூடும்வரை. கஞ்சியைத் துணியில் நனைத்து உன் வாயில் பிழிந்தது நான். அதை யாரும் தடுக்கவில்லை. நாற்றத்துக்கு வேறு யாரும் கிட்டே வரவில்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். நான்தான் மருந்து வைத்தேன் என்று நீயும் நம்பினாயா அக்கா? பேச முடியாதவளிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். தலையையாவது அசைத்திருப்பாயே.

போன வாரம் உன் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டேன். "நீங்க மட்டும் ஏன் விளாங்குடிக்குப் போகல?"

"அப்ப வெவரம் தெரியல தாயி" என்றார்.

அதே டாக்டரம்மா, அதே பேச்சு. அன்றைக்கும் அவர் உன் பக்கத்தில்தான் நின்று கேட்டார். தன் நாக்கு என்றதும் விவரம் வந்துவிட்டது.

உன் மகள் வள்ளியைக் கோச்சடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சீர்த்தட்டில் புகையிலை வைக்க நான் விடவில்லை. சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். அவள் வரும்போதெல்லாம் முற்றத்து வெயிலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். "என்ன சித்தி, மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கேன்?" என்று சிரிக்கிறாள். ஒரு வெள்ளைத் தடிப்பு தெரிந்தாலும் எவரையும் கேட்காமல் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். கத்தி என்றால் கத்திதான். முகம் கோணினாலும் உயிரோடு இருப்பாள். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நேற்று சாப்பிட்டு எழுந்தவள், "சித்தி, ஒரு வெத்தல மடிச்சுக் குடு" என்று கை நீட்டினாள். விளாங்குடிக்குப் போய் வந்த பிறகு, இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. புகையிலை இல்லாமல் மடித்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வாங்கி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

நீ நம்பியிருந்தாலும், நம்பாதிருந்தாலும்,
உன் தங்கை,
செல்லம்மா